பையில் இருந்த மெல்லிய குழாய்

காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் நர்ஸ் நான். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன், சிறுநீர்க் குழாய் மாற்றுவேன். குழாயைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஒழுகினால் உடனே பெரிய சைஸைத் திணிக்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். சிறுநீர் தெளிவாகப் போகிறவருக்குப் பதினான்காம் நம்பரே போதும். ரப்பர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சிலிகான். டாக்டரும், "எது சரியோ பாத்துப் போடுங்க சிஸ்டர்" என்று என்னிடமே விட்டுவிடுவார்.

அப்படி என்னிடம் விடப்பட்டவர்தான் அந்த பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வயது எழுபத்தொன்று. சர்க்கரை வியாதி சிறுநீர்ப்பையின் நரம்பைக் கெடுத்துவிட்டது. சிறுநீர் முழுசாகப் போக மாட்டேன் என்று தேங்கி நின்றுவிடும். நல்ல சிலிகான் குழாயாகப் பார்த்துப் போட்டேன். வலிக்கவில்லை என்று அவரே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சிறுநீர் சேரும் பையைத் தொடையில் கட்டும்போது அவர் கேட்டார்.

"ஏம்மா, இதுல பை இல்லாத வகை எதுவும் கெடையாதா?"

"ஏன் பாய்?"

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் போவணும். இத்தத் தொங்கவுட்டுக்கினு எப்டிமா வரிசையில நிக்கறது? தொழுவுற பாய்ல ஒரு சொட்டு வுழுந்தா?"

"வியாதிக்காரங்களுக்குச் சலுகை இருக்குதுன்னு சொல்வாங்களே."

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரு, வரலாம்னு. மார்க்கத்துல எடம் இருக்குது. எனக்குத்தான் மனசு ஒப்பல."

இந்த இடத்தில் நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "இல்ல பாய், இது ஒண்ணுதான்" என்றேன்.

அது பச்சைப் பொய். பை இல்லாத வகை உண்டு. மெல்லிய குழாய், உள்ளேயே தங்காது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை நோயாளியே கையைக் கழுவிக்கொண்டு, தானே செலுத்தி, காலி செய்துவிட்டு எடுத்துவிடலாம். நடுவில் உடம்பில் எதுவும் இருக்காது. அவருடைய வியாதிக்கு அதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. அந்தக் குழாய்கள் பத்து, நான் "இல்ல" என்று சொன்ன நிமிஷத்தில், அவர் கட்டிலுக்குக் கீழே என் பையில்தான் கிடந்தன. தென்னேரியில் முதுகெலும்பில் அடிபட்ட ஒரு லாரி டிரைவருக்கு வாங்கியவை. மூன்று நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

டிரைவருக்கு முப்பத்தைந்து வயது, இன்னும் வாழ வேண்டியவர் என்று பட்டது. இவருக்கு வயதாகிவிட்டது, வீட்டோடு கிடக்கிறவருக்கு எதற்கு இந்தப் பாடு என்று நினைத்தேன். அன்றைக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி, கற்றுக்கொடுக்க மூன்று நாளுக்கு எங்கே போவது என்றும் நினைத்தேன். இரண்டையும் நான்தான் நினைத்தேன். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஆறு வாரம் கழித்துக் குழாய் மாற்றப் போனபோது என் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. "குடும்மா" என்று வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே பிரித்தார். எள்ளைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுத்துப் பொருத்தினார். கை துளிகூட ஆடவில்லை. அந்தக் கையால் ஒரு குழாயைப் பிடிக்க முடியாதா? அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன்பு பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு மாகறலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்கள் எனக்கு ஆகாமல் போயின. தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் ஸ்கூட்டரை மெதுவாக்குவேன். அவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை. வேட்டிக்கும் கைலிக்கும் கீழே கால்களைத்தான் பார்ப்பேன். என் குரலே காதில் விழும், "இல்ல பாய், இது ஒண்ணுதான்." எவ்வளவு சாதாரணமான குரல் அது. வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். சமையல் செய்யும்போது வரும். கண்ணை மூடினால் வரும்.

கடைசியில் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். டாக்டரிடமும் கேட்டேன். "தாராளமா கத்துக்குடுங்க, ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்றார். மெல்லிய குழாய்களை எடுத்துக்கொண்டு போனால் வீடு பூட்டியிருந்தது. சிறுநீரில் கிருமி ஏறிக் குளிர் ஜுரம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குழாய் உள்ளேயே தங்கியிருந்தால் கிருமி சுலபமாக ஏறும். அதுவும் எனக்கு மனப்பாடம்தான்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பியது. இனி அவரால் முடியாது. முடியாதவரிடம் போய், முன்பே முடிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது? கொண்டுபோனதை வெளியே எடுக்காமலே திரும்பினேன். அவர் என்னை வைது தீர்த்திருந்தால்கூட இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய மகன் போன் செய்தார். விடியற்காலையில் போய்விட்டாராம். "குளிப்பாட்டணும் சிஸ்டர். உள்ள இருக்கற குழாய எடுத்துக் குடுத்துருங்க."

போனேன். குளிப்பாட்ட வந்தவர்கள் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். குழாயை உள்ளே பிடித்து வைத்திருந்த பலூனிலிருந்து சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சினேன். குழாய் சுலபமாக வந்துவிட்டது. தொடையிலிருந்த பட்டையை அவிழ்த்தேன். அத்தனை மாதம் கட்டிய இடத்தில் தோல் வெளுத்துப் பள்ளமாகியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், மறையவில்லை.

வெளியே வந்தபோது மகன் கையைக் கூப்பினார்.

"ரொம்ப நன்றி சிஸ்டர். ஜும்மாவுக்கு அப்புறம் பள்ளிவாசல்ல அவருக்குத் தொழ வெக்கறாங்க. அத்தா பள்ளிக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்காவது போறாரு."