விறகு வைக்காமல் வந்த நாள்

சென்ற வியாழக்கிழமை, ஃப்ரீமான்ட்டில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நியூ ஜெர்சியிலிருந்து போன் வந்தது. சதாசிவம் அங்கிள் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஃப்ரீவேயில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அழுகை வந்தது.

நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் கம்பெனி வைத்திருந்த மாடி ஃப்ளாட்டில் தங்கிப் போன எல்லோருக்கும் அவரைத் தெரியும். கோபிசெட்டிபாளையத்துக்காரர். சோவியத் நாட்டில் வனவியல் படித்து, அங்கேயே வடக்கே ஒரு காட்டு வட்டாரத்தில் பல வருடம் மரம் அளந்தவர். அந்த நாடு உடைந்த பிறகு அமெரிக்கா வந்து, கம்பெனிக்கு ருஷ்ய ஆவணங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வட்டாரத்தைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பரப்பில் நம் ஈரோடு மாவட்டத்தைவிடப் பெரிது, மொத்த ஜனமும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் என்பார். மற்றதெல்லாம் மரமும் சதுப்பும். ரோடு கிடையாது. கோடையில் ஆற்றில் படகு. குளிரில் அதே ஆறு உறைந்து, அதன்மேல் டிராக்டர் போகும். பனி உருகும் வாரங்களில் இரண்டும் இல்லை; அவரவர் இருந்த கரையிலேயே இருக்க வேண்டியதுதான். "அங்க பக்கத்து வீடுன்னா ஒரு நாள் நடைங்க தம்பி" என்று சிரிப்பார்.

அந்த ஃப்ளாட்டை நான் காலி செய்தபோது, அம்மா வளர்த்த வளர்ப்பு, சமையலறையைப் பளபளவென்று துடைத்தேன். மிச்சமிருந்த அரிசி, பருப்பு, உப்பு, கரன்ட் அடுப்பருகே எதற்கென்றே புரியாமல் இருந்த தீப்பெட்டி எல்லாம் குப்பைக்குப் போயின. நம் மிச்சத்தை வருகிறவர்களுக்கு வைப்பது மரியாதையில்லை என்று நினைப்பு. மறுநாள் பனிப்புயல். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். கார் இல்லை, கடை திறக்கவில்லை. அங்கிள்தான் தன் வீட்டு அரிசியையும் பாலையும் சுமந்துகொண்டு முழங்கால் பனியில் நடந்தார்.

அங்கிருந்து நேராக, இரண்டு தெரு தள்ளி நான் குடிபோயிருந்த வீட்டுக்கு வந்தார். நன்றாகத் திட்டினார். பிறகு ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார்.

அவருடைய காட்டில் ஆங்காங்கே ஆளில்லாத குடிசைகள் உண்டு. யாரும் தங்கலாம். கிளம்பும்போது அடுப்பருகே காய்ந்த விறகும் தீப்பெட்டியும் உப்பும் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். ஒருமுறை அவசரத்தில், இரண்டு நாளில் நாம்தானே திரும்பப் போகிறோம் என்று, விறகு முழுவதையும் எரித்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அங்கே வந்து சேர்ந்தவன் கோல்யா. டிராக்டர் ஓட்டுபவன், அங்கிளின் முதல் குளிர்காலத்தில் தன் கம்பளி பூட்ஸைக் கழற்றிக் கொடுத்த சிநேகிதன். ஆற்றுப் பனி உடைந்து, இடுப்புவரை நனைந்து வந்திருக்கிறான்.

"தீப்பெட்டி மட்டும் வெச்சிருந்தேன். குச்சி பூராவும் கிழிச்சுப் பாத்திருக்கான். நான் திரும்பிப் போனப்ப, அடுப்பு முன்னால உக்காந்தபடியே வெறச்சுப் போயிருந்தான்."

ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, அது ஆக்சிடென்ட், உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அவன் அநாதை விடுதில வளந்தவன். குடும்பம் குட்டி கிடையாது. அந்த ஊரே இப்ப காலி. என் தப்பில்லைன்னு நானும் விட்டுட்டா, அவன நெனைக்க யாரு இருக்கா?"

அந்த ஃப்ளாட்டில் தங்கிப் போன நீங்கள் அவருடைய அரிசியையும் அதட்டலையும் நினைத்துக்கொள்வீர்கள். நான் நினைவில் வைத்துக்கொண்டிருப்பது, பார்த்தேயிராத அந்தக் கோல்யாவை. அங்கிள் இதை வேறு யாரிடமாவது சொன்னாரா, தெரியாது. நான் ஒருவன் மட்டும் அவனை நினைத்துக்கொண்டிருந்தால் போதாது என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதினேன்.