ஸ்ரெல்லா திருப்பிக் கொடுத்த லென்ஸ்

1985இல் குருநகர்த் தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஸ்ரெல்லா சின்ன ஸ்ரூடியோ ஒன்று நடத்திவந்தாள். கலியாணம், தேவாலயத்தில் பிள்ளைகள் எடுக்கும் முதல் நன்மை, அடையாள அட்டைப் படம் எல்லாம் எடுப்பாள். பொம்பிளை படம் பிடிக்கிறாள் என்று முதலில் சிரித்தவர்கள், மணப்பெண்கள் அவளுக்கு முன்னால் கூச்சமில்லாமல் நிற்பதைக் கண்டபிறகு அவளையே தேடி வந்தார்கள். கணவன் செபநாயகத்துக்குக் கடற்றொழில். அவன் வள்ளத்தில் துணைக்குப் போவது அவனுடைய அக்கா லூர்த்தம்மாவின் மகன் பேதுரு.

ஸ்ரெல்லாவின் கமெராவுக்கு ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. சின்ன அறையில் ஒரு குடும்பத்தை அதற்குள் அடக்கப் பின்னுக்குப் போனால் முதுகு சுவரில் முட்டும். தூரத்தில் நின்று எடுத்தாலோ ஆட்கள் பொட்டுப்பொட்டாகத்தான் விழுவார்கள். புத்தூர்க் கலியாணம் ஒன்றில் தாலி கட்டும் நேரம் சனம் எழுந்து மறைத்துவிட, படத்தில் யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகுதான் வந்தது. பெண்ணின் தாய் அந்தப் படத்தைப் பார்த்து அழுதாள்.

அந்த வருசம் வல்வெட்டித்துறைப் பஞ்சலிங்கம் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது, சிங்கப்பூரில் வாங்கிய இரண்டு சூம் லென்ஸைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்தான். அவன் தங்கையின் கலியாணப் படம் எடுத்ததால் வந்த பழக்கம்.

“ஒண்டை நீங்கள் எடுங்கோ அக்கா. மற்றது பருத்தித்துறையிலை ஒரு ஸ்ரூடியோக்காரருக்கு. சனிக்கிழமை வாறன். அதுக்கிடையிலை ரண்டையும் போட்டுப் பாருங்கோ.”

ஒன்று கட்டை லென்ஸ். முப்பத்தைந்திலிருந்து எழுபதுவரை போகும்; வீட்டுக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும் ஈடுகொடுக்கும். மற்றது நீளம். எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்துவரை போகும்; பாரமும் கூட. புத்தூர் முதுகை நினைத்தவளுக்கு நீளத்தில்தான் மனம் போனது. வியாழக்கிழமை பின்னேரம் அதைக் கமெராவில் பூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

முதலில் தேவாலயக் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்தாள். பிறகு கடலுக்குத் திருப்பினாள். வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தது செபநாயகத்தின் வள்ளமாகிக் கிட்ட வந்தது. பாயில் போட்ட நீல ஒட்டுக்கூடத் தெரிந்தது. சந்தோசத்தில் சிரித்தேவிட்டாள். அப்போதுதான் கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று வள்ளத்தை நோக்கித் திரும்பியது.

வள்ளத்தில் இரண்டு பேரும் கையை உயர்த்தினார்கள். படகு சுற்றிவந்தது. ஒருவன் சட்டென்று கீழே குந்தினான், அல்லது விழுந்தான். எது என்று தெரியவில்லை. வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். அதற்கு மேல் கிட்ட வராது.

படியில் காலடி கேட்டது. லூர்த்தம்மா.

“என்ன தெரியுது ஸ்ரெல்லா?”

“ஒண்டும் தெரியேல்லை மச்சாள். வெறும் தண்ணி.”

லூர்த்தம்மா கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ரோந்துப் படகும் போய்விட்டது. வள்ளத்தில் இரண்டு தலைகளும் தெரியும்வரை ஸ்ரெல்லா மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

செபநாயகம் வழமைபோல வந்து கால் கழுவினான்.

“கடல் எப்பிடி இண்டைக்கு?”

“சும்மா கிடந்தது. மீன்தான் இல்லை.”

அவள் சோறு போட்டாள். ஒவ்வொரு நாளும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது?

அடுத்த நாள் அவளுக்கு வேலை ஓடவில்லை. அடையாள அட்டைப் படத்துக்கு வந்தவர்களை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், திரும்பவும் ஏறினாள். அடுப்பில் சோறு கருகியது. விசயம் எப்படியோ பரவி, மத்தியானத்துக்குள் நாலைந்து பெண்கள் மாடியில் சுற்றி நின்றார்கள். “எங்கடை வள்ளம் நிக்குதோ?” “சிவப்புப் பாயைப் பார், பிள்ளை.” கட்டடத்தின் சொந்தக்காரர் சீவரத்தினம் மேலே வந்து பயந்துபோனார்.

“பிள்ளை, தூரத்திலை நிண்டு பாக்கிறவனுக்கு உது கமெராவோ துவக்கோ எண்டு தெரியுமே? ஹெலிகொப்ரர் வந்தால் என்ன செய்வாய்? இறங்கு எல்லாரும்!”

சனிக்கிழமை பஞ்சலிங்கம் வந்தபோது லூர்த்தம்மாவும் வாசலில் நின்றாள்.

“நீட்டு லென்ஸை எடு ஸ்ரெல்லா. எங்களுக்கும் ஒரு கண் வேணும்.”

“கண்டு என்ன செய்யிறது மச்சாள்? முந்தநாள் கண்டனான். மறிச்சு வைச்சிருந்தவங்கள். கையை உயர்த்திக்கொண்டு நிண்டவை. என்னாலை மூச்சு விடக்கூட ஏலேல்லை.”

லூர்த்தம்மாவின் முகம் மாறியது. “முந்தநாளோ? வெறும் தண்ணி எண்டு சொன்னாயே. என்ரை பிள்ளையுமெல்லே அதிலை நிண்டவன்.”

லூர்த்தம்மா திரும்பிப் பாராமல் போனாள். நீள லென்ஸைக் கையில் வைத்திருந்தால் தனக்கு மாடியைத் தவிர வேறு இடமே இருக்காது என்று ஸ்ரெல்லாவுக்கு விளங்கியது. அதைத் துணியில் சுற்றிப் பஞ்சலிங்கத்திடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் மனம் ஆறவில்லை. பிழை செய்துவிட்டோமோ என்று கட்டை லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

அன்றிரவு கணவனிடம் சொன்னாள்: “வியாழக்கிழமை நான் மாடியிலை நிண்டு பாத்தனான்.”

அவன் சாப்பாட்டை நிறுத்தினான். “பேதுருவைக் குந்தச் சொன்னவங்கள், குந்தினவன். அடையாள அட்டையைப் பாத்திட்டு விட்டிட்டாங்கள். உனக்கு ஏன் சொல்லவேணும் எண்டு நினைச்சன்.”

“இனிச் சொல்லுங்கோ. நான் பாக்கமாட்டன். ஆனால் நீங்கள் சொல்லவேணும்.”

அடுத்த கிழமை நீர்வேலியில் கலியாணம். கட்டை லென்ஸ் என்றால் கிட்டப் போய்த்தான் ஆகவேண்டும். அவள் பெண்ணின் தாய் பூரணத்தின் கையைப் பிடித்து, “அம்மா, ஐயருக்குப் பக்கத்திலை எனக்கொரு இடம் வேணும், இல்லாட்டிப் படம் வராது” என்றாள். பூரணமே ஆட்களை விலக்கி அவளைக் கொண்டுபோய் இருத்தினாள். மேளம் கொட்டியபோது மணமகனின் விரல்கள் முடிச்சுப் போடுவது ஒரு முழத் தூரத்தில் தெரிந்தது. பெண்ணின் கண்ணோரம் நீர் துளிர்த்ததும் படத்தில் விழுந்தது.

வீடு திரும்பப் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, வள்ளங்கள் இன்னும் வரவில்லை என்றார்கள். சேலையைக்கூட மாற்றாமல் கரைக்கு ஓடினாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். லூர்த்தம்மாவும் நின்றாள். ஸ்ரெல்லாவைக் கண்டதும் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள்.

பொழுதுபடும் நேரம் ஒவ்வொன்றாகப் பாய்கள் தெரிந்தன. செபநாயகம் தண்ணீரில் குதித்து இறங்கி நேரே அவளிடம் வந்தான்.

“இண்டைக்கு ரண்டு தரம் மறிச்சவங்கள்” என்றான். “வலையை இழுக்க விடேல்லை, வெட்டிவிடவேண்டி வந்திட்டுது. வா, நடந்துகொண்டு சொல்லுறன்.”