மட்டப்பலகை கெடுத்த கரை

அந்த மனிதருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பொக்லைன் ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவருக்கு 'மட்டப்பலகை' என்று பட்டப்பெயர். மண்ணை வெட்டிப்போட்டால் அவருக்குப் போதாது. வேலை முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் முதுகால் தட்டித் தட்டி, எறும்பு ஊர்ந்தாலும் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக்கிவிட்டுத்தான் இறங்குவார். வீட்டிலும் இதே கதைதான். மனைவி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவள் தலையணை நேராகியிருக்கும். "என்னையும் ஒருநாள் தட்டி நேராக்கிடப் போறீங்க," என்பாள் அவள்.

இதே கையால்தான் வாலிபத்தில் ஊருக்கு மேற்கே இருந்த ஏரியின் பாதியைத் தூர்த்தார். லாரி லாரியாக வந்த இடிபாடுகளைத் தள்ளி, தட்டி, கிடங்கு கட்டத் தோதாக்கிக் கொடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள், அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு மழைக்கு மழை தண்ணீர் தெருவுக்குள் வரத் தொடங்கியது. இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் அது வேறெங்கே போகும்? கடைசியில் நகராட்சி விழித்துக்கொண்டு, கிடங்குகளை இடித்துவிட்டு ஏரியை மறுபடி தோண்டச் சொன்னது. மூடியவரே தோண்டவும் வந்ததில் யாருக்கும் வெட்கமில்லை. அவருக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

மனைவிக்கும் அங்கேயே வேலை. கரையில் நாணல் நட்டால்தான் மண் சரியாது, மீனும் பறவையும் திரும்பி வரும் என்று நாற்றங்கால் ஒன்று போட்டிருந்தார்கள். அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் கைராசி பேர்போனது. அப்படிப்பட்டவள் நட்ட நாற்று கரையில் இரண்டு முறை பட்டுப்போனது. உடன் வேலை செய்தவர்கள் சாடைமாடையாகப் பேசினார்கள். "கைராசியெல்லாம் ஒரு வயசு வரைக்கும்தான்," என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். பொறியாளர் சுற்றிவளைக்கவில்லை.

"இன்னொரு தடவை பாப்போம்மா. இதுவும் போச்சுன்னா கரை முழுக்க காங்கிரீட் போட்டுடுவோம். அப்புறம் நாத்தங்காலுக்கு வேலை இல்ல."

அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிடும்போது தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைக் கண்டதும் அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பட்டுப்போன நாணல் ஒன்றைத் தோண்டப் போக, மண்வெட்டி கல்லில் பட்டதுபோல எகிறியது. மல்லுக்கட்டி வெளியே எடுத்த நாற்றின் வேர், அவள் போட்ட குழியைத் தாண்டவே இல்லை; கிண்ணத்துக்குள் நூலைச் சுற்றிவைத்த மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றிச் செத்திருந்தது. பக்கத்தில் இருந்ததும் அப்படித்தான். கரையின் ஒரு மூலையில் மட்டும் ஒரு கொத்து பச்சையாக நின்றது. அந்த மூலை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் கரை போட்டுக்கொண்டிருந்த நாளில் எண்ணெய்க் குழாய் வெடித்து வண்டி படுத்துவிட்டதால், தட்டாமல் கட்டியும் குழியுமாக விட்டுவிட்டு வந்த இடம் அது. அரைகுறையாக விட்டோமே என்று அன்று முழுக்க எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

ஏரியைத் தூர்த்ததற்காவது, சொன்னார்கள் செய்தேன் என்று சமாதானம் வைத்திருந்தார். இந்தக் கரையைத் தட்டச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் தேநீர் வேளையில் எல்லோரும் கூடியிருந்தபோது பொறியாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், நாத்து பட்டுப்போனதுக்கு அவ கை காரணமில்ல. என் கைதான். தட்டித் தட்டி மண்ண இறுக்கி வச்சிருக்கேன். வேர் எறங்க எடமே இல்ல."

மனைவி அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"இத என்கிட்ட வீட்டுல சொல்லியிருக்கலாம்ல? இத்தனை பேரு முன்னாடி எதுக்கு?"

"அவங்க உன்ன வீட்டுல வச்சா பேசினாங்க?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் நாற்றுத் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பொறியாளர் சம்மதிக்க, அன்றே பக்கெட்டின் பற்களால் கரை முழுவதையும் கிளறிப்போட்டார். பன்றிக்கூட்டம் புகுந்து புரண்ட மாதிரி இருந்தது. "என்ன மட்டப்பலகை, இது உன் வேலைதானா?" என்று லாரிக்காரர் ஒருவர் சீண்டினார். அவருக்கோ உடம்பெல்லாம் அரித்தது. ஒரே ஒரு தட்டு, அந்த மேட்டை மட்டும், என்று கை பரபரத்தது. எங்கே தட்டிவிடுவோமோ என்ற பயத்தில் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். குதித்தும் நிற்க முடியவில்லை. கரைக்கு மேலும் கீழுமாக நடந்தார்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, நிக்க முடியலன்னா வந்து நடுங்க."

அவர் மண்டியிட்டு ஒரு நாணலைக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

"வேரை ஒட்டி மட்டும் கொஞ்சம் அழுத்துங்க," என்றாள் அவள். "இல்லன்னா தண்ணி இழுத்துட்டுப் போயிடும்."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாதான். ரெண்டு விரலால."

அவர் இரண்டு விரலால் அழுத்தினார். இந்த முறையாவது பிடிக்குமா என்று கேட்க வாயெடுத்தார்; அவள் அதற்குள் அடுத்த நாற்றை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.