பாக்கியத்துக்கு ஒரு பச்சை லேசர்

போன சனிக்கிழமை பதுளை டவுனில் ஒரு கடைக்குப் போய், பச்சை லேசர் இருக்கிறதா என்று கேட்டேன். நானே வாயைத் திறந்து கேட்டேன்! என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். உப்பு வாங்கப் போனாலும் கடைக்காரர் தலை நிமிரும்வரை ஓரமாக நிற்கிற ஆள் நான். "பேப்பர்ல எழுதுறப்ப இவ்வளவு பேசுற, கடையில பேசினா நாக்கு தேஞ்சிருமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

சரி, அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு லேசர் எதற்கு?

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விஞ்ஞான டீச்சர் வந்திருக்கிறார். மாதம் ஒரு நாள், பொழுது இருட்டியதும், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு வானத்தைக் காட்டுகிறார். உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகுதான் இதெல்லாம். முன்பு டார்ச்சை மேலே அடித்தாலே யார், எவர் என்று விசாரிக்கப் போலீஸ்காரர்கள் வந்துவிடுவார்கள்.

முதல் மாதம் நானும் என் நாத்தனார் பாக்கியமும் போனோம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பாக்கியத்துக்குக் காது போய்விட்டது, பேச்சும் வரவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் அவளைவிட அதிகம் பேசுகிற ஆள் கிடையாது... எல்லாம் கையால்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை நடக்கிற நடையை இரண்டு விரலால் நடந்து காட்டுவாள். மலையே சிரிக்கும்.

மைதானத்தில் என்ன நடந்தது? டீச்சர் கையை நீட்டி, அந்தா, அந்த மரத்துக்கு மேலே என்றார். எந்த மரம்? ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு நட்சத்திரம். வகுப்பில் வைத்திருக்கிற சிவப்பு லேசரை அடித்துப் பார்த்தார். அது போன வழியே தெரியவில்லை. டார்ச் அடித்தால் கண் கூசி நட்சத்திரமே மறைந்துவிடும்.

அதுவா, இதுவா என்று கேட்க எங்களுக்காவது வாய் இருந்தது. பாக்கியத்துக்கு? இருட்டில் என் கை அவளுக்குத் தெரியாது. அவள் கை எனக்குத் தெரியாது. பாதியில் எழுந்து தனியாக லயத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் கையை ஆட்டிச் சொன்னாள் – நான் இனி வரவில்லை, நீ போ.

அவ்வளவு பெரிய பேச்சுக்காரியை இருட்டு ஊமையாக்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"பச்சை லேசர் எண்டா மேல வரைக்கும் கோடு தெரியும் அம்மா. வாங்கோ, போய்ப் பாப்பம்" என்றார்.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று நெருப்புக் குச்சியையே பற்ற வைக்குமாம், அதுதான் ராசாவாம்.

"அதுதான் நானா எனக்குப் பயம். பிள்ளையள் நிக்கிற இடம். கண்ணில பட்டா என்ன செய்யிறது?" என்று டீச்சர் ராசாவை ஒதுக்கிவிட்டார்.

மிச்சம் இரண்டு. பெரியது ஒன்று, பேனா மாதிரி சின்னது ஒன்று. பகல் வெளிச்சத்தில் எதைப் பார்ப்பது? நானா எங்களைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, சின்னதை அழுத்தினார். அடேயப்பா, சுவர் வரைக்கும் பச்சைக் கம்பி! இதுவே போதும் என்றேன். டீச்சர் சிரித்தார். அறை முழுக்கத் தூசி. தூசியில் பட்டுத்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறதாம். வெட்டவெளியில் அடித்தால்தான் உண்மை தெரியும் என்றார்.

இருட்டும்வரை நின்றால் பஸ் போய்விடும். நானா யோசிக்கவே இல்லை. "ரெண்டையும் கொண்டு போங்க. வேணாங்கிறத திங்கக்கிழமை தாங்க" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உலகத்தில் நல்லவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யார் சொன்னது?

அன்று இரவுதான் இந்த மாதம் வானம் பார்க்கிற கூட்டம். பாக்கியத்தைக் கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.

முதலில் பெரியது. வானத்துக்கு ஏணி வைத்த மாதிரி கோடு. பொடியன்களுக்குத் தலைகால் புரியவில்லை. இதையே வாங்குங்க டீச்சர் என்று ஒரே சத்தம். அணைத்த பிறகு பார்த்தால்... சின்ன நட்சத்திரம் ஒன்றையும் காணோம். கண்ணெல்லாம் பச்சை. எல்லாரும் லேசரைத்தான் பார்த்திருக்கிறோம், வானத்தை யார் பார்த்தது? (கல்யாண வீட்டில் வீடியோக்காரர் லைட்டைப் பார்த்துக்கொண்டே பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிடுகிறோமே, அப்படித்தான்.)

அடுத்து சின்னது. அழுத்தினால் ஒன்றுமே இல்லை. குளிருக்குப் பச்சை லேசர் மங்கிவிடும், கொஞ்சம் சூடு காட்டுங்கோ என்றார் டீச்சர். பாக்கியம் போர்த்தியிருந்த கம்பளிக்குள் அதைச் செருகினேன். என்ன ஏது என்று புரியாமலே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் அதை வாங்கி அழுத்தினால், நூல் மாதிரி மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. கோடு ஒரு நட்சத்திரத்தைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது, கீழே இறங்கி, வளைந்து, கொக்கி போட்டது. யாரும் இன்னும் பெயர் சொல்லவில்லை. என் கையில் சுருக்கென்று ஒரு கிள்ளு!

தேள் என்று சொல்கிறாள் பாக்கியம். விரலை வளைத்து என் கையில் கொட்டிக் காட்டுகிறாள்.

அப்புறம் டீச்சரின் கையிலிருந்த லேசரைத் தடவிப் பிடித்தாள். ஆள் பக்கம் திரும்பிவிடாமல் டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தேளின் நெஞ்சில் இருந்த நட்சத்திரத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டம். இன்னொரு கையால் என் முகத்தைத் தடவி, நெற்றிப் பொட்டைத் தொட்டாள். எங்கள் பாஷையில் அதற்குச் சிவப்பு என்று அர்த்தம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்துவிட்டால், தொட்டே பேசிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இவ்வளவு நாள் தோன்றவே இல்லை.

அவள் கேட்டுவிட்டாள். அதை ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது நான். இருட்டு நல்லதாகப் போயிற்று, யாருக்கும் என் முகம் தெரியாது.

"டீச்சர்... அது மட்டும் ஏன் செவப்பா இருக்குன்னு பாக்கியம் கேக்குதுங்க."

"நல்ல கேள்வி" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான்... பிறகு பாக்கியம் லேசரை விடவே இல்லை. இதற்கு ஒரு வட்டம், அதற்கு ஒரு வட்டம், கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் பாட்டரி தீர்ந்துதான் கூட்டம் கலைந்தது!