பொக்கு மகரந்தம்

1. வெறும் ஸ்லைடு

ஒன்றுமே வைக்காத ஸ்லைடில் மகரந்தம் தெரிந்த அன்று காலை, லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் தாவரவியல் லேப்பில் முப்பது வருஷமாக டெக்னீஷியனாக இருப்பவள் நான். ஸ்லைடு கழுவுவதில் என்னை ஒருத்தர் குறை சொல்ல முடியாது. சொன்னால் சும்மா விடவும் மாட்டேன்.

அப்போது ஆரோக்கிய ஜெனி என்ற ஆராய்ச்சி மாணவி, மலையிலிருந்து காட்டு ரோஜா மொட்டுகள் கொண்டுவந்திருந்தாள். முள்ளையும் இலையையும் நம்பி ரோஜா இனங்களைப் பிரித்தால் ஏமாந்துபோவோம். மகரந்தத் தோலில் விரல் ரேகை மாதிரி வரிகள் இருக்கும். எண்ணெய்த் துளி விட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் அந்த வரி நெருக்கமா, அகலமா என்று பார்ப்போம். தனி இனமாக இருந்தால் மகரந்தம் பெரும்பாலும் சாயம் ஏறி உருண்டையாக நிற்கும். கலப்பு ரோஜாவில் பாதி சுருங்கி வெளுத்துக் கிடக்கும். கடலையில் சொல்வதுபோல அதைப் பொக்கு என்போம்.

ஜெனியின் ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் பொக்கு. அவளுடைய கைடு முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார்: "இது காட்டுச் செடியே இல்லம்மா. எவனோ பங்களாவுல வச்ச கலப்பு. ஒரு மாசம் பாரு, இல்லன்னா டாபிக்க மாத்திரு."

மூன்று வருஷ உழைப்பு. பிள்ளை அழுதே விட்டாள். "அக்கா, மொட்டைப் பிரிச்சுத்தானே எடுக்கிறேன். உள்ளயே செத்துக் கிடக்குமா?"

அந்தச் சந்தேகத்தில்தான் மகரந்தத்தை ஒட்டவைக்கும் ஜெல்லியை மட்டும் தடவிய வெறும் ஸ்லைடை மேசையில் விட்டுப் போனோம். காலையில் அதிலும் பொக்கு.

2. ஐயாவின் மேசை

அது எங்கள் துறையை ஆரம்பித்த பேராசிரியரின் மேசை. அவரும் இதே காட்டு ரோஜாவைத்தான் ஆராய்ந்தார். ஒருநாள் மத்தியானம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபடியே இறந்திருந்தார். ஏதோ கவனமாகப் பார்க்கிறார் என்று நாங்கள் வெகு நேரம் சத்தம் போடாமல் நடந்தோம். அவர் படம் அந்த மேசைக்கு மேலேயே தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை போட்டுவந்தது நான்.

"அவரு செடியை நான் தொடுறது ஐயாவுக்குப் பிடிக்கலையோக்கா?" என்றாள் ஜெனி.

"ஏத்தா, படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்று அதட்டினேன். ஆனால் எனக்கும் பயம்தான். மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தால் நேராக ஐயாவின் கண். குனிந்தால் அந்தச் சுருங்கிய மகரந்தங்கள், மூடிய இமைகள் மாதிரி. தனியாக இருக்கும்போது அந்த நாற்காலியில் உட்காரவே மாட்டேன்.

ஐயாவைச் சாந்தப்படுத்த நினைத்து, தினமும் பூ மார்க்கெட்டுக்குப் போய்க் கனமான மாலையாக வாங்கிவந்து போட்டேன். மாலை பெருக்கப் பெருக்க ஸ்லைடில் பொக்கும் பெருகியது. இனி தப்பிக்க வழியில்லை, ஐயா இந்தப் பிள்ளையைப் படிக்க விடமாட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

3. நான்கு மூலை

கடைசியில் ஜெனிதான் துணிந்தாள். ஜெல்லி தடவிய ஸ்லைடுகளை ஜன்னலோரம், சிங்க், பீரோ மேல், படத்துக்குக் கீழே என்று நான்கு இடங்களில் வைத்தாள். மற்ற மூன்றிலும் ஒன்றிரண்டு. படத்துக்குக் கீழே வைத்ததில் எண்ண முடியவில்லை. நான் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அவளோ அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, மாலையில என்ன ரோஜா?"

"பன்னீர் ரோஜா."

அதுவரை பொக்கை எண்ணினோமே தவிர, அதன் வரியை யாரும் பார்க்கவில்லை. மாலையின் மகரந்தத்தை எடுத்து லென்ஸில் வைத்தாள். அகல வரி, பாதிக்கு மேல் பொக்கு. அவளுடைய காட்டு ரோஜாவின் உருண்டை மகரந்தத்திலோ நெருங்கிய வரி. இரண்டு ரோஜா ஒரே ஸ்லைடில். மேலே மாலை, அதற்கும் மேலே அதை உதிர்த்துக்கொண்டே இருந்த மின்விசிறி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை! மாலையைக் கழற்றினோம். ஸ்லைடுகள் சுத்தமாயின.

லேப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதன்மேலும் சந்தேகப்படுமுன் உங்கள் கைக்குக் கீழே ஒரு வெறும் ஸ்லைடு வையுங்கள். பக்தியும் உதிரும்.

4. பழைய பெட்டி

ஜெனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பழனிச்சாமி என்று ஒரு பையன் இதே மேசையில் இதே ரோஜாவைப் பார்த்து, "கலப்பு" என்று திருப்பி அனுப்பப்பட்டு, படிப்பையே விட்டுவிட்டான். அவனுடைய ஸ்லைடு பெட்டியைத் தேடி எடுத்தேன். உருண்டையில் நெருங்கிய வரி. பொக்கில் அகல வரி. அப்போதும் படத்துக்கு மாலை போட்டவள் நான்தான்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான் என்று விசாரித்துப் போன் செய்தேன். பின்னால் லாரி ஏற்றும் கூச்சல். ஒன்று விடாமல் சொன்னேன். "உன் படிப்பைக் கெடுத்தது என் கைதாம்ப்பா," என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏனுங் மேடம், அப்ப என்ற ரோஜா காட்டு ரோஜாதானுங்களா?"

"ஆமாப்பா."

"கலப்பில்லீங்களே?"

"இல்லப்பா. சுத்தமான காட்டு ரோஜா."

அவன் திரும்பி யாரையோ அதட்டுவது கேட்டது: "டேய், லோடு ஏத்துறத நிறுத்துங்கடா, சத்தம் போடாதீங்க!" கூச்சல் அடங்கியது.

"இன்னொருக்கா சொல்லுங்க மேடம்," என்றான்.