நன்றி சொன்னால் கேமரா நின்றுவிடும்

இரண்டாயிரத்துகளின் நடுவில், மெல்பேர்னில் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கிக்கொண்டிருந்த என்னை மியூனிக்கிலிருந்து ஒரு தயாரிப்பாளர் அழைத்தார். என் புகழ் கடல் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது மலைக்கிராமத்து மிருக வைத்தியர் ஒருவரைப் பற்றிய தொடர். ஆஸ்திரேலியாக்காரி என்றால் ஆடு மாடு குதிரைகளோடு வளர்ந்திருப்பாள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப்போய் மெல்பேர்னின் அடுக்குமாடியில் வளர்ந்த நான், நாய் குரைத்தாலே தெருவின் மறுபக்கம் போகிறவள்.

என்னிடம் இருந்த ஜெர்மன் மொழி கடைக்குப் போய்வரப் போதும். படப்பிடிப்புக்கும் போதும் என்று நம்பினேன். அங்கே இயக்குநர் 'பிட்டே' என்றால் நடிக்கத் தொடங்குவார்கள், 'டாங்கே' என்றால் நிறுத்துவார்கள். தயவுசெய்து, நன்றி. என்ன மரியாதையான மனிதர்கள் என்று வியந்தேன்.

முதல் வாரத்திலேயே பெரிய காட்சி வந்தது. நோயில் சாகப்போகும் குதிரையிடம் பண்ணைக்காரி விடைபெற வேண்டும். நடித்தவர் அந்த நாடே அறிந்த மூத்த நடிகை. காலை முழுவதும் முரண்டு பிடித்த குதிரை, கடைசியில் தானாகவே அவர் தோளில் தலையைச் சாய்த்தது. அவர் விம்மினார். லாயத்தில் ஒரு சத்தமில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ என் கையில் ஒரு கோப்பைக் காப்பியைத் திணித்தார்கள்.

"டாங்கே," என்றேன்.

கேமரா நின்றது. நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏன், பிடிக்கவில்லையா?"

"மன்னியுங்கள். அது காப்பிக்குச் சொன்னது."

அவர் என்னையும் கோப்பையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, அழுததைவிட அதிகமாகக் கண்ணீர் விட்டார். மறுபடி எடுக்க அவர் தயார், குதிரை தயாரில்லை. அன்று மாலை வரை அது எங்களுக்குப் பின்பக்கத்தைத்தான் காட்டியது. வேறு வழியின்றி, விம்மல் பாதியில் அறுந்த அந்தத் துண்டையே தொடரில் வைத்தோம்.

ஒளிபரப்பாகும் நாள் காலை, முன்கூட்டியே பார்த்திருந்த ஒரு பத்திரிகை அந்த இடத்தைப் பாராட்டி எழுதியிருந்தது. அழுகையை நீட்டாமல் சட்டென்று வெட்டிய இயக்குநரின் துணிச்சலாம். மத்தியானத்துக்குள் தயாரிப்பாளர் அழைத்து, அடுத்த ஆண்டும் நானே இயக்க வேண்டும் என்றார். காப்பி கொண்டுவந்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைகால் புரியாத சந்தோஷத்தில், மேல்மாடியில் குடியிருந்த மன்னார்த் தம்பதியை அன்று மாலை தொடரைப் பார்க்க அழைத்தேன். அக்கா வடை சுட்டுக்கொண்டு வந்தார். அண்ணை முன்வரிசையில், அதாவது என் ஒரே சோபாவில், அமர்ந்தார். இருவரும் கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். முடிவில் என் பெயர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார் அக்கா. "நீங்கள் எங்கை வந்தனீங்கள்?"

"நான் வரேல்லை அக்கா. நான் சொல்லிக்குடுத்துத்தான் அவை நடிக்கினம்."

"ஓம், விளங்குது," என்றார் அண்ணை. ஆனால் அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசியாதேங்கோ தங்கச்சி. வடிவாத்தானே இருக்கிறியள். பாஷை கொஞ்சம் திருந்தட்டும், உங்களையும் ஒருநாள் நடிக்க விடுவினம்."

"ஓம் அக்கா," என்றேன்.

மிச்ச வடையை எனக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.