தோல் கொட்டிலில் நின்றவர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள் நான். முதியோர் இல்லத்தில் வேலை, எத்தனையோ பேரின் கண்களை மூடிவிட்டிருக்கிறேன், ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

இது நடந்தபோது நான் டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே ஒரு மிங்க் பண்ணையில் வேலை செய்தேன். மிங்க் என்றால் கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி, அதன் தோலில்தான் பணக்காரரின் குளிர் அங்கி. கொரோனா வந்து அரசாங்கம் அத்தனை மிங்குகளையும் கொல்லச் சொன்னதற்குச் சில வருடங்கள் முன்பு. எங்கள் தமிழ் ஆட்கள் அங்கே மூன்று பேர்: நான், ரவி, செல்வன். செல்வன் என்னைக் கலியாணம் கேட்டான், மாட்டேன் என்றேன். பிறகு ரவியை நானே போய்க் கேட்டேன். ஓம், நானேதான், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நவம்பர், தோல் உரிக்கும் காலம். ஏலத்துக்கென்று நான் தரம் பார்த்து வைத்திருந்த கறுப்புத் தோல் கட்டு ஒன்று காணாமல் போய்விட்டது. அதில் இரண்டு தோல் ரவியின் லொக்கரில் கிடந்தது. முதலாளி டெனிஷ்காரர், நல்ல மனிதர், ஆனாலும் முகம் இறுகிப்போய், நாலு மணிக்குள் மிச்சம் வராவிட்டால் பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"இவன் இப்பிடிச் செய்வான் எண்டு ஆர் நினைச்சது?" என்றான் செல்வன்.

ரவி என்னையே பார்த்தான். "நான் தொடேல்லை மதி."

"எனக்குத் தெரியும். நீர் பேசாமல் இரும்."

தெரியும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் எப்படி நிரூபிக்கிறது? தோல் காயவைக்கும் கொட்டிலுக்குப் போனேன். மூன்று மணி, வெளியே ஒரே பனிப்புகார். உள்ளே பச்சை மேலங்கியோடு ஒரு வயதானவர் தோலைத் தூரிகையால் வாரிக்கொண்டு நின்றார். வலக்கைப் பெருவிரல் பாதிதான் இருந்தது. தோல் காலத்தில் ஓய்வுபெற்றவர்கள் உதவிக்கு வருவதுண்டு, அப்படி ஒருவர் என்றுதான் நினைத்தேன்.

"அழாதை பிள்ளை," என்றார். "பழைய தீவனத் தொட்டிக்குள்ளை பார். தனியப் போகாதை, அவனையும் கூட்டிக்கொண்டு போ." முதலாளியின் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

ஓடிப்போய் முதலாளியை இழுத்துக்கொண்டு வந்தேன். தொட்டியின் மூடியைத் திறந்தால் கட்டு அப்படியே இருக்கிறது, செல்வனின் ஜக்கெற்றில் சுற்றி, அதன் பைக்குள் அவனுடைய அடையாள அட்டையோடு.

அறைக்குள் இரகசியமாகப் பேசி முடிக்க நான் விடவில்லை. ரவியை எல்லாருக்கும் முன்னால்தானே கள்ளன் என்றார்கள்? சாப்பாட்டு அறையில் அத்தனை பேருக்கும் முன்னால் செல்வன் டெனிஷில் ஒப்புக்கொண்டான், பிறகு ரவியிடம், "மன்னிச்சுக்கொள் மச்சான்" என்றான். ரவி, "போ" என்றான், அவ்வளவுதான். பொலிஸ் வேண்டாம் என்றதும் ரவிதான். முதலாளி செல்வனை அன்றே வேலையால் நிறுத்திவிட்டு ரவியிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிறகு என்னிடம், "உனக்கு யார் சொன்னது?" என்றார். வயதானவரைப் பற்றிச் சொன்னேன். இன்று வெளியாள் ஒருவரும் வரவில்லை என்றார். பெருவிரலைச் சொன்னதும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அவரேதான், அதே மேலங்கி. முதலாளியின் அப்பா, நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்.

நம்புங்கள், இதுகூட என்னைப் பயப்படுத்தவில்லை. நியாயம் கிடைத்தது, எனக்கு அது போதும் என்றிருந்தேன். கலியாணம் முடிந்து ஒருநாள் ரவி கேட்டான், "அந்த மனுசன் டெனிஷிலை என்ன சொன்னவர்? அப்பிடியே சொல்லும் பாப்பம்."

சொல்ல வாயைத் திறந்தேன். டெனிஷில் ஒரு சொல்கூட வரவில்லை. அவர் என்னோடு கதைத்தது தமிழில், எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழில். அந்த நேரம் அது எனக்கு ஒரு புதுமையாகவே படவில்லை. இன்றைக்கும் சில நாள் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த வசனத்தை டெனிஷில் சொல்லிப் பார்ப்பேன். அந்தக் குரல் பொருந்துவதே இல்லை.